ஆற்றங்கரை வாழ்வு ஓர் அமானிதம்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் நின்று நிலவட்டுமாக!

 

சற்று முன்னர்ச் செயலாளர் அவர்கள் ஆண்டுக் கணக்கை வாசித்தளித்தார்கள். சந்தா வரவு, கடை வாடகை வரவு, நோன்புக் கஞ்சிச் செலவு, மின்கட்டணம், மையவாடிச் சுற்றுச்சுவர் பராமரிப்பு என ஒன்று விடாமல் வாசித்தார்கள். பைசா பிசகாத கணக்கு. அல்ஹம்துலில்லாஹ். எனினும் அக்கணக்கில் எழுதப்படாத வரவு ஒன்றும் செலவு ஒன்றும் உண்டு. நம் வாசலுக்கு அருகே ஓடும் கொள்ளிடம் நமக்குத் தந்தது வரவு. அதற்கு நாம் திருப்பிச் செய்தது செலவு. இன்று அந்தக் கணக்கைப் பற்றியே பேச விழைகிறோம்.

கொள்ளிடம் சுமக்கும் சுமை

திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஊர். பாலத்தைக் கடந்தால் அக்கரை தஞ்சை மாவட்டம். திருவையாறு வழியே தஞ்சாவூருக்குச் சாலை செல்கிறது. இக்கரையிலோ மேற்கே திருமழபாடிச் சிவாலயம், கிழக்கே வீரமாமுனிவர் எழுப்பிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா தேவாலயம், இடையே நம் பள்ளிவாசல். மூன்று சமயத்தாரும் ஓர் ஆற்றின் தண்ணீரையே குடிக்கிறோம்.

கொள்ளிடம் என்னும் பெயருக்குக் கொள்ளும் இடம் என்று பெரியோர் பொருள் கூறுவர். காவிரி தாங்க மாட்டாத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் இது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிகிறது. அவ்விடத்தில்தான் 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் திட்டப்படி மேலணை கட்டப்பட்டது. அதற்கும் கிழக்கே கல்லணையில் மிகுந்துபோகும் நீரும் கொள்ளிடத்துக்கே திருப்பி விடப்படுகிறது. பாசனத்துக்கு வேண்டிய அளவான நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியே தஞ்சைத் தரணிக்குச் செல்கிறது. அளவை மீறிய நீர் நம்மை நோக்கி வருகிறது.

இதன் பொருள் என்ன? அக்கரையில் நெற்பயிர் மூழ்காமல் நிற்பதற்கும், கும்பகோணத்துத் தெருக்களில் வெள்ளம் ஏறாமல் இருப்பதற்கும் கொள்ளிடம் அந்தச் சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்வதே காரணம். அதன் கரையில் குடியிருக்கும் நாமும் அச்சுமையில் பங்கு கொள்கிறோம். பிறர் துன்பத்தைத் தான் தாங்குவது ஓர் உயர்ந்த குணம் என்று கிதாபுகளில் ஓதுகிறோம். அந்தக் குணத்தை இந்த ஆறு ஓதாமலேயே செய்துகொண்டிருக்கிறது.

ஆற்றோரத் தெருவின் வாழ்க்கை

ஆற்றோரத்துச் சிறு தெருவில் வாழ்வது எத்தகையது என்பதை வெளியூரிலிருந்து பெண் எடுக்க வருவோர் நம்மிடம் கேட்பதுண்டு. என்ன பதில் சொல்வது? சித்திரையில் வந்தால் ஆறு எங்கே என்று கேட்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணல். நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்கு நீர். ஓரங்களில் நாணலும் கோரையும். அஸருக்குப் பின் பிள்ளைகள் அம்மணலில் பந்து விளையாடுவர். மஃரிபுக்குப் பின் பெரியவர்கள் கரையில் காற்று வாங்குவர். ரமளானில் நோன்பு திறந்த உடலுக்கு அந்தக் காற்று தரும் இதத்தை மின்விசிறி தராது.

ஆடியில் வந்தால் வேறோர் ஆற்றைக் காண்பார்கள். செந்நிறப் புதுநீர் நுரைத்துக்கொண்டு வரும். மரக்கட்டைகளும் கோரைப் புதர்களும் மிதந்து செல்லும். இரவில் நீரோசை படுக்கை வரை வந்து கேட்கும். அந்நாள்களில் செய்தித்தாளை விரித்ததும் நம் தெருவார் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; உயரம் 120 அடி. 120 அடி நிரம்பிவிட்டது என்றால் இனி வருவதனைத்தும் திறந்துவிடப்படும். மேட்டூரில் மதகு திறந்தால் இங்கே பெட்டியைக் கட்டுகிறோம். அதுவே ஆற்றோர வாழ்க்கை.

வீட்டு மனையின் விலையை மட்டும் பார்த்துக் குடிவந்தவர்கள் இரண்டு பருவங்களைக் கண்ட பிறகே இவ்வூரை அறிவார்கள். பத்திரங்களைத் தகரப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைக்க வேண்டும், வெள்ளக் காலத்தில் விளக்கின்றி வெளியே கால் வைக்கக் கூடாது, பாம்பும் மேட்டைத் தேடியே வரும் என்பனவற்றை எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத் தருவதில்லை. பக்கத்து வீட்டார்தாம் கற்றுத் தருகிறார்கள். நம் தெருவின் பெரும் செல்வம் அந்தப் பக்கத்து வீட்டார்களே.

2022 ஆகஸ்டு மாதத்தை நினைவுகூருங்கள். கொள்ளிடத்தில் விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடி அளவுக்கு வெள்ளம் வந்தது. தாழ்வான கரையோரப் பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அன்றிரவு நம் தெருவில் எவரும் உறங்கவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாவை இறக்கிச் சோறு பொங்கினோம். உண்டவர்களில் யார் எந்தச் சமயத்தார் என்று எவரும் பார்க்கவில்லை. நம் வீட்டு மூதாட்டி ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் கீழத்தெருவில் மாட்டுவண்டி ஓட்டும் சகோதரர். அவரது ஆட்டுக்குட்டிகளை நம் பள்ளியின் முன்மண்டபத்தில் கட்டி வைத்தோம். விடிந்ததும் மோதினார் பெருக்கிக் கழுவிய பிறகே பஜ்ரு ஜமாஅத் நடந்தது. முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை.

உறங்கும் ஆறு உடைக்கும்

வெள்ளம் வந்தால்தான் ஆற்றின் நினைவு என்று இருந்துவிடலாகாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்தவற்றைச் சிந்தித்துப் பாருங்கள். திருச்சியில் 1928ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. அதே மாதம் 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துக்கான மதகுகளில் ஒன்பது உடைந்து போயின. 182 ஆண்டுகள் நின்ற அணை அது. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது, திருச்சியில் ஆற்றுக்குள் நின்ற உயர் மின்னழுத்தக் கோபுரம் சாய்ந்தது. பாலமும் கோபுரமும் ஒரே நாளில் பலவீனமாவதில்லை. அடியில் மணல் சிறிது சிறிதாக அகலும்போது மேலே நிற்பவை அறிவதில்லை. வெள்ளம் வந்து அறிவிக்கிறது.

ஆற்று மணல் வெறும் மணலன்று. அது தண்ணீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். வெள்ளம் வடிந்த பின்னும் மணலின் இடுக்குகளில் நீர் தங்கியிருந்து, வடிகட்டப்பட்டு, கரையோரக் கிணறுகளுக்கு ஊறிச் செல்கிறது. கோடையில் ஆற்றில் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று சுரப்பது அதனால்தான். கொள்ளிடத்து மணலுக்கடியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே வெகுதூரத்து ஊர்களுக்கும் தண்ணீர் செல்கிறது. மணல் அளவின்றி அள்ளப்பட்டால் நீர்மட்டம் இறங்குகிறது, கிணறு வற்றுகிறது, கரையின் அடி அரிக்கப்படுகிறது. அள்ளிய பள்ளத்தில் நீர் நிரம்பும்போது மேலே ஆழம் தெரிவதில்லை. நீந்தத் தெரிந்த பிள்ளையையும் அந்தப் பள்ளம் ஏமாற்றிவிடும்.

இதை அறிந்திருந்த காரணத்தால்தான் 2018ஆம் ஆண்டில் திருமானூர்ப் பகுதியில் கொள்ளிடத்தில் மணல் குவாரி அமைப்பதற்கு எதிராக மக்கள் திரண்டனர். சாதி, சமயம் பாராமல் விவசாயிகளும் வணிகர்களும் பெண்களும் நின்றனர். அதே வேளையில் மாட்டுவண்டியில் மணல் ஏற்றிப் பிழைக்கும் சகோதரர்களின் பசியையும் நாம் மறந்து பேசலாகாது. அவர்கள் அள்ளுவது ஒரு வண்டி. இயந்திரம் அள்ளுவது ஒரு மலை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. ஆயினும் எந்த அளவு, எந்த இடம், எந்தக் காலம் என்னும் வரையறை இருவருக்கும் வேண்டும்.

வற்றிய ஆற்றின் அருகே ஓதிய காலம்

நாங்கள் வேலூரில் ஓதிய காலத்தில் பாலாற்றைப் பெயரளவில்தான் ஆறாகக் கண்டோம். ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீரோட்டம் கிடையாது. மணலும் முட்புதரும் குப்பையும் கிடந்தன. விடுமுறையில் ஆம்பூர், வாணியம்பாடியைச் சேர்ந்த சக மாணவர்களின் வீடுகளுக்குச் செல்வோம். அன்போடு விருந்தளிப்பார்கள். ஆனால் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி வரை இறங்கியிருந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அத்தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்தனர். மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் அவர்களின் கொடையால் வளர்ந்தன. நாங்கள் உண்ட சோற்றிலும் அதன் பங்கு இருந்தது. அத்தகைய கொடையாளிகளின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. எனினும் கழிவு ஓடிய வாய்க்கால், கொடையைப் பார்த்துத் தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின் கால் நூற்றாண்டு கடந்தும் பிரச்சினை முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே வேலூர்ப் பகுதியின் பாதிப்புக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஆற்றைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். மீட்க ஒரு தலைமுறையும் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஆற்றிலும் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. செத்துவிட்டது என்று எண்ணி ஆற்றின் மடியில் கட்டியவற்றை ஆறு வந்து கேட்டது. ஆறு தன் வழியை மறப்பதில்லை.

நம் குழாயைப் பற்றி

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். புதிய கழிவறைகளும் கைகால் கழுவும் இடமும் கட்ட வேண்டுமென்று ஜமாஅத் முடிவு செய்திருப்பதை அறிவீர்கள். சென்ற மாதம் அதற்கான கலந்தாலோசனை நடந்தபோது, கழிவுநீரைத் தெருக் கால்வாயோடு சேர்த்து ஆற்றுப் பக்கம் குழாய் போட்டு விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. செலவு குறைவு, வேலையும் நான்கு நாளில் முடியும். வெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் கூறப்பட்டது. யோசனை சொன்னவர் மீது நாம் குறை சொல்லவில்லை. பள்ளியின் பணம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். குறை நம்மீதுதான். அந்த அவையில் நாமும் அமர்ந்திருந்தோம். தவறு என்று மனம் சொல்லியும், நிர்வாகக் காரியத்தில் இமாம் தலையிடுவதா என்று எண்ணி வாய் திறவாமல் எழுந்து வந்துவிட்டோம்.

சில நாள்கள் கழித்து, ஒரு மாலைப்பொழுதில் கரையோரமாகக் கிழக்கே நடந்து சென்றோம். மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு மூதாட்டி தேங்காய்க் கொட்டாங்குச்சியால் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "வாங்க அஜரத்து, வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். நாம் ஒரு கணம் தயங்கினோம். அத்தயக்கத்தை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "நம்ம ஆத்துத் தண்ணிதான், பயப்படாமக் குடிங்க" என்று செம்பை நீட்டினார். பிஸ்மி சொல்லிக் குடித்தோம். இனிமையான நீர். தொண்டையில் இறங்கும்போதுதான் அந்தக் குழாய் நினைவுக்கு வந்தது. நாம் போடவிருக்கும் குழாய்க்குக் கீழ்ப்புறத்தில் அந்த ஊற்று இருக்கிறது.

அன்பிற்குரியோரே! அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தாய் நம்மை நம்பி நீட்டிய செம்புக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்?

கப்பலின் அடித்தளம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சமுதாய வாழ்வுக்குக் கப்பலை உவமையாகக் காட்டியதை அறிவோம். சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவதைவிட, நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று கீழே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். மற்றவர்கள் விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர். ஓட்டை போட நினைத்தவர்களின் நோக்கம் கெட்டதன்று என்பதைக் கவனியுங்கள். எவருக்கும் தொல்லை தராமலிருக்கவே அவர்கள் விரும்பினர். நல்ல நோக்கம் கப்பலைக் காக்கவில்லை.

நீர்நிலைகளிலும் மக்கள் நடக்கும் வழியிலும் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயலென்று ஹதீஸ்களில் எச்சரிக்கப்பட்டுள்ளது. ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்னும் போதனையும் உண்டு. ஐவேளைத் தொழுகை பாவத்தைக் கழுவுவதற்கு, வாசலில் ஓடும் ஆற்றில் நாளும் ஐந்து முறை குளிப்பவனை நாயகம் (ஸல்) அவர்கள் உவமை காட்டினார்கள். பாலைவனத்தில் வாழ்ந்தோர் மனத்தில் மட்டுமே கண்ட அந்த ஆற்றை அல்லாஹ் நமக்கு மெய்யாகவே வாசலில் ஓட விட்டிருக்கிறான். அந்த உவமை சுத்தமான ஆற்றுக்குத்தானே பொருந்தும்?

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் மிம்பரில் பலமுறை பேசியுள்ளோம். ஆற்றோரத்தில் அண்டை வீடு என்பது இடப்புறமும் வலப்புறமும் உள்ள வீடுகளோடு முடிந்துவிடாது. நீர் எதுவரை செல்கிறதோ அதுவரை நமக்கு அண்டை வீட்டார்களே. அணைக்கரையில் கீழணைப் பாசனத்தில் பயிர் செய்பவரும், கடலோடு ஆறு கலக்கும் இடத்தில் வலை வீசுபவரும் நம் அண்டை வீட்டார்கள்.

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் இரயில் பாலம் சேதமடைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். பாலத்தை அவர் இடிக்கவில்லை. மழையையும் அவர் வரவழைக்கவில்லை. தம் பொறுப்பில் இருந்ததற்குத் தாமே பதில் சொல்ல வேண்டுமென்று கருதினார். நாம் போடும் குழாய்க்கு நாம் பதில் சொல்ல வேண்டாமா?

அவர்கள் கூடிப் பேசுகிறார்கள்

ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்றொரு நகரம் உள்ளது. அங்கே வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாயிலில் நீர்த் தீர்ப்பாயம் கூடுகிறது. பாசனம் பெறும் விவசாயிகள் தமக்குள்ளேயே தேர்ந்தெடுத்த நடுவர்கள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்கிறார்கள். எவர் வாய்க்காலை அடைத்தார், எவர் முறை தவறி நீர் எடுத்தார் என்பன வாய்மொழியாகவே விசாரிக்கப்பட்டு அங்கேயே தீர்ப்பும் சொல்லப்படுகிறது. இம்முறை அந்தலூஸ் முஸ்லிம்களின் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாக அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆட்சிகள் மாறின, சமயமும் மாறிற்று, தண்ணீருக்காகக் கூடிப் பேசும் வழக்கம் மாறவில்லை. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நம் முன்னோர் வகையில் வந்த அந்த நற்பழக்கத்தை நம் ஆற்றங்கரையில் நாம் ஏன் தொடங்கக் கூடாது?

ஜமாஅத்தார் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

முதலாவதாக, ஆற்றுப் பக்கம் குழாய் போடும் யோசனையை இன்றே கைவிட வேண்டும். கசியாத கழிவுநீர்த் தொட்டி கட்டி, நிரம்பியதும் வண்டி வைத்து அகற்றும் ஏற்பாடு செய்ய வேண்டும். நம்முடையது மணற்பாங்கான பூமி. சாதாரண உறிஞ்சுகுழி தோண்டினாலும் அசுத்தம் கிணற்றுக்கு இறங்கிவிடும் என்பதால், அறிந்தவரிடம் கேட்டு, கிணறுகளுக்கும் கரைக்கும் தள்ளியே அமைக்க வேண்டும். செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்கள் அனைவருக்கும் வக்ஃபு செய்த உஸ்மான் (ரலி) அவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பயான் கேட்கிறோம். கிணறு வாங்கிக் கொடுக்க நமக்கு வசதியில்லாமல் இருக்கலாம். பிறர் குடிக்கும் ஊற்றைக் கெடுக்காமல் இருக்கவாவது செலவு செய்வோம். இதற்கென நம் ஒரு மாதச் சம்பளத்தை முதல் சந்தாவாக எழுதிக்கொள்ளும்படி பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவதாக, ஒளூச் செய்த நீரில் சோப்பும் அசுத்தமும் கலப்பதில்லை. அதைத் தனியே பிரித்துப் பள்ளியின் தென்னைகளுக்கும் வாழைக்கும் விடலாம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

மூன்றாவதாக, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளை மூட்டை கட்டி ஆற்றோரம் போடுவது அறவே கூடாது. குழி வெட்டிப் புதைக்க இடமும் ஆளும் ஜமாஅத்தே ஏற்பாடு செய்யட்டும். நிக்காஹ் விருந்துகளில் பிளாஸ்டிக் விரிப்பும் குவளையும் இன்னும் காணப்படுகின்றன. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து அரசு இவற்றைத் தடை செய்துள்ளது. வாழையிலை விளையும் ஊரில் பிளாஸ்டிக் இலை எதற்கு?

நான்காவதாக, பிள்ளைகள். தாய்மார்களே, வெள்ளக் காலத்தில் மட்டுமன்றி, வெள்ளம் வடிந்து ஆறு அமைதியாகத் தோன்றும் காலத்திலும் பிள்ளைகளைத் தனியே ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை வண்டி ஓட்டும் சகோதரர்கள் நன்கு அறிவார்கள். அவர்களையே கேட்டு அவ்விடங்களில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முன்னிலையில் நீச்சல் கற்றுத் தரும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்க வேண்டும்.

ஐந்தாவதாக, கரையோரத் தெருக்கள் அனைத்திலிருந்தும் எல்லாச் சமயத்தாரையும் சேர்த்து மாதம் ஒரு முறை கூடி அமர்வோம். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் உண்டு, எங்கே கர்ப்பிணிப் பெண் உண்டு, கரையில் எங்கே விரிசல் கண்டது, எவருடைய கழிவு எங்கே விழுகிறது என்பன அங்கே பேசப்படட்டும். முதல் கூட்டத்தில் பிறரைக் கேட்கும் முன் நம் பள்ளியின் கழிவு எங்கே செல்கிறது என்பதை நாமே முதலில் சொல்வோம். அப்போதுதான் பிறரிடம் கேட்க நமக்குத் தகுதி வரும்.

சங்கைக்குரியோரே! கொள்ளிடம் நம் ஊரோடு தொடங்கவில்லை. நம் ஊரோடு முடியவும் இல்லை. மேலிருந்து வந்து, நம் வாசலில் சில நொடிகள் தங்கி, கீழே உள்ளவர்களிடம் செல்கிறது. அமானிதம் என்பதும் அதுதான். பிறர் ஒப்படைத்ததைக் குறையாமல் அடுத்தவரிடம் சேர்ப்பது. அந்தத் தாய் நீட்டிய செம்பிலிருந்த நீர் எவ்வளவு தெளிவாக இருந்ததோ, அவ்வளவு தெளிவாக அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அவர்கள் வாசிக்கும் அறிக்கையில் ஆற்றைப் பற்றியும் ஒரு வரி இடம்பெற வேண்டும் என்பதே நம் ஆவல்.

யா அல்லாஹ்! எங்கள் ஆற்றில் பரக்கத் செய்வாயாக! அதன் வெள்ளத்தின் தீங்கை விட்டும் வறட்சியின் தீங்கை விட்டும் எங்களையும் எங்கள் அண்டை வீட்டார் அனைவரையும் காப்பாற்றுவாயாக! எங்கள் கரங்களால் பிறருக்குத் தீங்கு நேராமல் காத்தருள்வாயாக! பேச வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்த குற்றத்தை மன்னித்தருள்வாயாக! இப்பள்ளியையும் இவ்வூரையும் அமைதியோடு வாழச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.